முதலில் நடங்கள், அப்புறம் கன்வெர்ட்டர்

ஐப்பசி மழையில் புதுச்சேரி ஊசுட்டேரி நிரம்பத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் மாறிவிடுகின்றன. கொக்கு, நிலா, தேர், தீர்த்தவாரி என்று ஆளுக்கொன்றாக எழுதினாலும் ஆசை எல்லாருக்கும் ஒன்றுதான்: கையில் இருக்கிற டெலி ஜூம் இன்னும் கொஞ்சம் எட்டினால் தேவலை. அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதையும் டெலிகன்வெர்ட்டருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கன்வெர்ட்டர் என்னதான் செய்கிறது? ஒரே மூச்சில் சொல்லுங்கள், சார். (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே உட்கார்ந்து, லென்ஸ் வரைகிற படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து சென்சார் முழுக்கப் பரப்புகிறது. 1.4 மடங்கு போட்டால் 500 மி.மீ. லென்ஸ் 700 ஆகும். 2 மடங்கு போட்டால் 1000 ஆகும். லென்ஸ் பிடிக்காத எந்த விவரத்தையும் இது கொண்டுவராது. நல்ல லென்ஸின் நல்லது பெரிதாகும். சுமாரான லென்ஸின் சுமாரும் பெரிதாகும்.

கேள்வி: மாட்டினால் வெளிச்சம் குறைகிறது என்கிறார்கள். அதுவும் கண்ணாடிதானே, கறுப்புத் துணியா என்ன? (நெல்லித்தோப்பு)

கண்ணாடிதான், சுத்தமான கண்ணாடிதான். ஆனால் லென்ஸின் வாய் அகலவில்லையே! நிக்கானின் 200-500 எஃப்/5.6 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 89 மி.மீ. அதுதான் வெளிச்சம் நுழைகிற வாசலின் அகலம். 1.4 கன்வெர்ட்டர் போட்டதும் குவியத்தூரம் 700 ஆகிறது, வாசல் அதே 89. வகுத்துப் பாருங்கள், எஃப்/8 வரும். ஒரு ஸ்டாப் போயிற்று. 2 மடங்கு போட்டால் எஃப்/11, இரண்டு ஸ்டாப் போயிற்று. அதே வெளிச்சத்தை அதிகப் பரப்பில் பரப்பினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது குறையத்தான் செய்யும்.

இதைக் கேமராவின் கணக்கில் பார்த்தால் விலை புரியும். விடிந்து கொஞ்ச நேரத்தில் எஃப்/5.6-இல் 1/1000 வினாடிக்கு ஐஎஸ்ஓ 1600 போதும் என்று வைத்துக்கொள்வோம். 1.4 மாட்டினால் 3200 வேண்டும். 2 மாட்டினால் 6400. போதாததற்கு, குவியத்தூரம் கூடியதால் கை நடுக்கமும் கூடித் தெரியும். ஆகவே ஷட்டரையும் ஏற்றவேண்டும், ஐஎஸ்ஓ இன்னும் மேலே போகும். கடையில் கொடுக்கிற பணத்தோடு செலவு முடிவதில்லை. ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கேள்வி: ஊசுட்டேரிக் கரையில் நின்றால் கூழைக்கடா குண்டூசித் தலை அளவுக்குத் தெரிகிறது. 1.4 வாங்கவா, 2 வாங்கவா? (ரெட்டியார்பாளையம்)

முதலில் ஒரு கணக்கு. பறவை 60 மீட்டரில் இருக்கிறது. 1.4 கன்வெர்ட்டர் போட்டால் அது 43 மீட்டருக்கு வந்தது போலத் தெரியும். அதாவது நீங்கள் 17 மீட்டர் நடந்தால் கிடைப்பதைத்தான் அந்தக் கன்வெர்ட்டர் கொடுக்கிறது. நடந்தால் வெளிச்சம் குறையாது, ஃபோகஸ் தடுமாறாது, நடுவில் கிடக்கும் காற்றும் குறையும். அதனால் நடக்க முடிந்த இடத்தில் நடங்கள். நடக்க முடியாத இடத்திலும் நடக்கக் கூடாத இடத்திலும் கன்வெர்ட்டர் மாட்டுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஊசுட்டேரி பாதி புதுச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம். நம் பக்கத்தைப் புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே தண்ணீருக்குள் இறங்கி நடக்க வழியில்லை, இறங்கவும் கூடாது. ஆனால் கரையிலேயே இடம் தேர்ந்தெடுக்கலாம். வெயில் முதுகுக்குப் பின்னால் விழுகிற பக்கமாக, ஒரு மரத்தடியில் அசையாமல் உட்காருங்கள். பறவை நம்மைக் கண்டு விலகுவது பெரும்பாலும் நம் நடமாட்டத்தால்தான். உட்கார்ந்துவிட்ட ஆளை அரை மணியில் அது மறந்துவிடும். பாம்புத்தாரா மீனைக் குத்தி எடுத்து வந்து, தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்குகிற காட்சி கரையோரப் பட்டமரத்திலேயே நடக்கும். விழுங்கிய பிறகு இறக்கையை விரித்துக் காயவைக்கும். அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும் என்பதால் அதற்கு அந்த வேலை கட்டாயம். உங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எட்டவில்லை என்றால் 1.4 வாங்குங்கள். எஃப்/2.8, எஃப்/4 லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் 2 மடங்கு. உங்கள் ஜூம் எஃப்/5.6-இலோ 6.3-இலோ முடிகிறது என்றால் 2-ஐ மறந்துவிடுங்கள்.

கேள்வி: 2 மடங்கை ஏன் இப்படி ஒரேயடியாக ஒதுக்குகிறீர்கள்? ஐஎஸ்ஓ ஏற்றினால் தீர்ந்தது அல்லவா? (மூலக்குளம்)

தீராது. ஒளிக்கு ஒரு குணம் உண்டு: சின்னத் துளை வழியாகப் போனால் விரியும். எந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாக வரைவதில்லை, ஒரு சின்ன வட்டமாகத்தான் வரைகிறது. எஃப் எண்ணோடு சுமார் 1.34-ஐப் பெருக்கினால் அந்த வட்டத்தின் அகலம் மைக்ரானில் வரும். எஃப்/6.3-இல் எட்டரை மைக்ரான். 2 மடங்கு போட்டு எஃப்/13 ஆனால் பதினேழு மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே நான்கு மைக்ரானுக்குள்தான். ஒரு புள்ளி நான்கு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும்போது இறகின் நரம்பு எங்கே தெரியப்போகிறது? படம் பெரிதாக இருக்கும், விவரம் இருக்காது.

கேள்வி: அப்படியானால் கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்து, வீட்டில் க்ராப் செய்துகொள்ளலாமே? (முத்தியால்பேட்டை)

பல நேரம் அதுவே நல்லது. எந்த நேரம் எது நல்லது என்பது உங்கள் லென்ஸையும் கேமராவையும் பொறுத்தது, ஆகவே நீங்களே பரிசோதித்துப் பாருங்கள். அதற்கு நம் ஊரிலேயே அருமையான பொருள் இருக்கிறது: வெள்ளைக்காரத் தெருக்களின் சுவரில் பதித்த நீலப் பெயர்ப்பலகை. நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து, தமிழிலும் பிரெஞ்சிலும். விளிம்புகள் கூர்மையானவை, ஓரத்தில் சில இடங்களில் பூச்சு பெயர்ந்து துரு தெரியும். லென்ஸின் தரத்தை அந்தத் துரு காட்டிக்கொடுக்கும்.

காலை ஏழு மணிக்கு முன்னால் தூமா வீதிக்குப் போங்கள். தார் சூடாகியிருக்காது, வண்டிகளும் குறைவு. முப்பது மீட்டர் தள்ளி டிரைபாட் போட்டு, திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, டைமரில் எடுங்கள். கன்வெர்ட்டர் இல்லாமல் சில படம், மாட்டிச் சில படம், மாட்டியபடியே அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் குறைத்துச் சில படம். மாட்டிய ஒவ்வொரு முறையும் ஃபோகஸைப் புதிதாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். துருவின் விளிம்பு கன்வெர்ட்டர் படத்தில் தெளிவாக இருந்தால் அது உங்களுக்குப் பயன்படும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் பணத்தை வங்கியில் போடுங்கள். கன்வெர்ட்டரைச் சொந்தமாக வாங்கித்தான் இதைச் செய்யவேண்டும் என்றில்லை. ஒருநாள் வாடகைக்கு எடுத்தாலே போதும்.

கேள்வி: இரண்டு கன்வெர்ட்டரை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டினால்? (உருளையன்பேட்டை)

நிலவுக்கு வேண்டுமானால். அதுவும் கையில் பிடித்து அல்ல.

கேள்வி: பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறேன். நண்பரின் 1.4-ஐ என் 150-600-இல் மாட்டினேன். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர நிற்கவில்லை. கேமரா கெட்டுவிட்டதா? (வில்லியனூர்)

கேமரா நன்றாகவே இருக்கிறது. உங்கள் லென்ஸ் நீண்ட முனையில் எஃப்/6.3. கன்வெர்ட்டரோடு எஃப்/9 ஆகிவிட்டது. டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபோகஸ் கருவி, லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. பெரும்பாலான பழைய கேமராக்களில் அந்தக் கருவி எஃப்/5.6 அகலத்துக்கு வடிவமைத்தது. வாசல் அதைவிடக் குறுகினால் ஓரத்து ஒளி கருவிக்குப் போய்ச் சேராது. சில மாடல்கள் எஃப்/8 வரை தாங்கும், அதுவும் நடுப் புள்ளியில் மட்டும். கேனான் 5டி மார்க் 3-க்கு அந்தத் திறனே 2013-இல் மென்பொருள் புதுப்பிப்பாகத்தான் வந்தது. எஃப்/9 என்றால் அதுவும் கைவிட்டுவிடும்.

கேமராவை ஏமாற்ற, கன்வெர்ட்டரின் மின்முனைகளில் டேப் ஒட்டுகிற பழக்கம் ஒன்று உண்டு. நடு வெயிலில், அசையாத பறவைக்கு அது சில நேரம் வேலை செய்யும். மேகம் வந்தால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். அதை நம்பி மரக்காணம் பக்கத்துக் கழுவெளிக்குப் பறவை எடுக்கக் கிளம்பாதீர்கள்.

மிரர்லெஸ் கேமராக்களில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் எஃப்/11-லும் அதற்கு மேலும் பல மாடல்கள் பிடிக்கின்றன. பிடிக்கும் என்பதற்கும் வேகமாகப் பிடிக்கும் என்பதற்கும் தூரம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிற மீன்கொத்திக்குச் சரி. பாய்கிற மீன்கொத்திக்குக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: கேமராவோடு வந்த 70-300-க்குக் கம்பெனி கன்வெர்ட்டர் கேட்டேன். கடைக்காரர் “மாட்டாது, மாட்டவே கூடாது” என்கிறார். இரண்டுமே ஒரே கம்பெனிதானே? (அரியாங்குப்பம்)

கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். விற்கிற வாய்ப்பை விட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார். பல கம்பெனிக் கன்வெர்ட்டர்களில் முன் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், லென்ஸின் பின்பக்கத்துக்குள் நுழையும். அங்கே இடம் விட்டு வடிவமைத்த லென்ஸ் என்றால் நல்லது. மற்ற லென்ஸில் கண்ணாடியும் கண்ணாடியும் மோதிவிடும். நிக்கான் சில கன்வெர்ட்டர்களில் இதைத் தடுக்கவே மாட்டும் வளையத்தில் ஒரு சின்னப் பல் வைத்திருக்கிறது. சோனியின் 1.4 அதன் 100-400-க்கும் 200-600-க்கும் பொருந்தும், 70-300-க்குப் பொருந்தாது.

பொருந்துகிற லென்ஸிலும் நிபந்தனை உண்டு. கேனான் ஆர்எஃப் 100-500-ஐ 300-க்கு மேல் நீட்டினால்தான் கன்வெர்ட்டர் ஏறும். மாட்டிய பிறகு 300-க்குக் கீழே சுருக்க முடியாது. 1.4 போட்டால் அது 420-700 லென்ஸ் ஆகிவிடும், பையிலும் நீட்டியபடிதான் கிடக்கும். யானையைக் கன்வெர்ட்டரோடு எடுத்துக்கொண்டிருக்கையில் அது பாதையைக் கடந்து பக்கத்தில் வந்துவிட்டால் சட்டென்று 100-க்குத் திரும்ப வழியில்லை. அதற்குப் பின் வந்த ஆர்எஃப் 200-800-இல் இந்தத் தடை இல்லை, முழு நீளத்திலும் கன்வெர்ட்டர் போடலாம். ஆனால் அதன் நீண்ட முனையே எஃப்/9. வாங்கும் முன் லென்ஸ் கம்பெனியின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள். அது சொல்லாததை வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: காந்தி சிலைக்குப் பின்னால் பெரிய பௌர்ணமி நிலா. ரொம்ப நாள் ஆசை. எத்தனை மடங்கு வேண்டும், அண்ணா? (வாசகி, குருசுக்குப்பம்)

அழகான ஆசை, தங்கையே. நிலாவை சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழவைக்கலாம் என்பதற்கு எளிய வழி: குவியத்தூரத்தை 110-ஆல் வகுக்கவேண்டும். 600 மி.மீ. லென்ஸில் ஐந்தரை மி.மீ. வட்டம். 1.4 போட்டு 840 ஆக்கினால் ஏழரை மி.மீ.; 24 மி.மீ. உயரமுள்ள முழு ஃப்ரேமில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதுவே கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

ஆனால் சிலைக்கும் நிலாவுக்கும் உள்ள விகிதத்தை லென்ஸ் தீர்மானிப்பதில்லை, நீங்கள் நிற்கிற தூரம்தான் தீர்மானிக்கிறது. ஒரு பொருளின் அளவைப் போல் 110 மடங்கு தள்ளி நின்றால் நிலாவும் அந்தப் பொருளும் ஒரே அளவாகத் தெரியும். காந்தி சிலை சுமார் 4 மீட்டர் உயரம். 440 மீட்டர் பின்வாங்கவேண்டும். நம் ஊரில் நிலா கடலிலிருந்து கிழக்கே எழுவதால் நீங்கள் மேற்கே, ஊருக்குள் பின்வாங்கவேண்டும். அவ்வளவு தூரம் போனால் நடுவே மரங்களும் கட்டடங்களும் மறைத்துவிடும். சிலையை விட்டுவிட்டுப் படகைப் பிடியுங்கள். 9 மீட்டர் மீன்பிடிப் படகு ஒரு கிலோமீட்டர் கடலுக்குள் நின்றால் அதன் நீளமும் நிலாவின் அகலமும் ஒன்றாகிவிடும். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே நிலா எழும், வானில் வெளிச்சம் மிச்சமிருக்கும், படகும் தெரியும் நிலாவும் வெளுக்காது. வைத்திக்குப்பம் கரையில் நின்றால் படகுக்குக் குறைவில்லை. எழுந்த முதல் பதினைந்து நிமிடத்துக்குள் எடுங்கள்.

சூரியனுக்கும் இதே 110-தான் கணக்கு. ஆனால் கடலை விட்டு அது மேலேறிய பிறகு, டெலி லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆர் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கண் போய்விடும். சோலார் ஃபில்டர் இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: புதுச்சேரிக்கும் தொலைநோக்கிக்கும் ஏதோ பழைய கதை உண்டாமே? (காலாப்பட்டு)

உண்டு. கனமான கதை. கியோம் லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். அவருக்கு ஒதுக்கிய இடம் நம் புதுச்சேரி. அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. 1761 ஜூன் 6-ஆம் தேதி, ஆடுகிற கப்பலில் நின்றபடி வெள்ளி கடப்பதைப் பார்த்தார். துல்லியமாக அளக்க முடியாததால் பயனில்லை. அடுத்த கடப்பு எட்டு வருடம் கழித்து. அதை விட்டால் நூறு வருடத்துக்கு மேல். ஊருக்குத் திரும்பாமல் இந்துமாக்கடல் பக்கமே தங்கினார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணியர்களிடம் கிரகணக் கணக்கு கற்றார். அவர்கள் சோழிகளை வைத்துக் கணக்கிடும் வேகத்தை வியந்து எழுதியிருக்கிறார். 1769 ஜூன் 4 காலை, வேண்டிய நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே தீர்மானித்து வைத்திருந்தார்கள்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கரையில் ஒளியை ஆள்வது லென்ஸ் அல்ல, காற்று. பத்து மணிக்கு மேல் ஊசுட்டேரியின் மேல் பாருங்கள். எதிர்க்கரை மரங்கள் நெளியும். அந்த நெளிவை 600 மி.மீ. காட்டும்; 840 இன்னும் பெரிதாகக் காட்டும். அதைச் சரிசெய்ய உலகத்தில் லென்ஸ் கிடையாது. கன்வெர்ட்டர் வேலை செய்யாத நாட்களில் பாதி நாள் குற்றம் காற்றின் மேல்தான். விடிந்ததிலிருந்து எட்டரை வரை, அல்லது மழை விட்ட மறுநாள் காலை: உங்கள் கன்வெர்ட்டருக்கு நல்ல நேரம் அதுதான்.

கன்வெர்ட்டரின் மூதாதையும் வானியலிலிருந்து வந்ததுதான். ஆங்கிலக் கணித வல்லுநர் பீட்டர் பார்லோ 1830-களில் தொலைநோக்கிக்காகச் செய்த குழிலென்ஸின் வம்சம் அது.

கேள்வி: மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் 70-200 எஃப்/2.8-உம் 1.4-உம் எடுத்துப் போகலாமா? (சோலை நகர்)

தாராளமாக. கன்வெர்ட்டருக்குப் பிறந்த லென்ஸ் அது. 98-280 எஃப்/4 கிடைக்கும். பகல் வெளிச்சம் கொட்டுகிற இடம். மயிலத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்த உற்சவர்கள் கடலுக்கு இறங்கும்போது கூட்டத்தின் தலைகளுக்கு மேலே சாமியின் முகத்தை மட்டும் எடுக்கலாம். ஆனால் அங்கே நின்று கழற்றி மாட்டாதீர்கள். மணலும் உப்புக் காற்றும் கலந்த கூட்டத்தில் லென்ஸைத் திறப்பது சென்சாருக்குள் நீங்களே மணல் போடுவதற்குச் சமம். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் வந்து கழற்றுங்கள்.

கேள்வி: வீராம்பட்டினம் தேருக்கு? (கொம்பாக்கம்)

வேண்டாம். அங்கே நீங்கள் தேருக்குப் பக்கத்தில்தான் இருப்பீர்கள். அகல லென்ஸ் கொண்டு போங்கள், வடம் பிடிக்கவும் ஒரு கை ஒழியட்டும்.

கேள்வி: என் கன்வெர்ட்டருக்குள் சிலந்தி வலை போல ஏதோ தெரிகிறது. (தேங்காய்த்திட்டு)

பூஞ்சை. கடையில் ஃபங்கஸ் என்பார்கள். கடலோர ஊரில் பீரோவுக்குள் தோல் பையில் வைத்த லென்ஸுக்கெல்லாம் வருவது. ஆரம்பத்தில் சுத்தம் செய்ய முடியும்; பூச்சைத் தின்ன ஆரம்பித்துவிட்டால் தழும்பு போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர்: செலவு சில நூறு ரூபாய். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி மறுபடி நீலமாக்குங்கள். ஃபங்கஸ் பிடித்ததை நல்ல லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடியற்காலையில் நேரே ஏரிக்கரையில் திறந்தால் பனி படியும். கன்வெர்ட்டர் மாட்டினால் கண்ணாடிப் பரப்புகள் கூடுகின்றன, துடைக்க முடியாத உள்பரப்பிலும் படியும். பையை மூடியபடியே அரை மணி வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

கேள்வி: கன்வெர்ட்டர் ஃபோகஸ் தூரத்தையும் நீட்டிவிடுமா? பூச்சி எடுக்கிறவள் நான். (முதலியார்பேட்டை)

உங்களுக்குத்தான் இந்தப் பக்கத்திலேயே நல்ல செய்தி. லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாது; அதே தூரத்தில் நின்று 1.4 மடங்கு பெரிதாக எடுக்கலாம். கேனானின் ஈஎஃப் 100-400 இரண்டாம் பதிப்பு ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் செய்யும். 1.4 மாட்டி, காலையில் தாவரவியல் பூங்காவில் தட்டான் எதிரே மண்டியிட்டுப் பாருங்கள். மேக்ரோ லென்ஸ் என்றால் கிட்டத்தில் போகவேண்டும், தட்டான் பறந்துவிடும். இதில் அது உட்கார்ந்தே இருக்கும், இறக்கையின் வலைப்பின்னல் ஃப்ரேமை நிறைக்கும். ஜூமுக்குக் கன்வெர்ட்டர் போடுவதில் நான் மனம் நிறைந்து பரிந்துரைக்கிற பயன் இதுதான்.

கேள்வி: நத்தைக்குத்தி நாரை கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது. “கிட்டப் போங்கள்” என்று நீங்களே எழுதுவீர்கள். போகவா? (பாகூர்)

போகாதீர்கள். நடக்கக் கூடாத இடம் என்று மேலே சொன்னது இதைத்தான். தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை காத்திருக்கும். இங்கே மாட்டுங்கள் கன்வெர்ட்டரை. ஐஎஸ்ஓ ஏறட்டும், படத்தில் புள்ளி விழட்டும். பறவை உங்களைத் திரும்பிப் பார்த்தாலே ஒரு படி அதிகமாக வைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

மா. கிருஷ்ணனைப் படித்திருக்கிறீர்களா? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். கறுப்பு வெள்ளையில், தானே ஒட்டுப்போட்டுக்கொண்ட கேமராவில், காட்டு யானைகளை எடுத்தார். அவர் படங்களில் யானை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது எப்போது திரும்பும், எந்தக் காற்றில் மோப்பம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதற்கு அவர் செலவழித்த வருடங்கள்தான் அந்தப் படங்கள். நாரையையும் நீங்கள் அப்படித் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: செல்போனுக்கே கன்வெர்ட்டர் வந்துவிட்டதாமே? (புஸ்சி வீதி)

வந்துவிட்டது. விவோ எக்ஸ்200 அல்ட்ரா 2025-இல் ஸைஸ் முத்திரையோடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அது போன் லென்ஸின் முன்னால் மாட்டுவது. முன்னால் மாட்டுகிற வகை தன் பெரிய வாயால் கூடுதல் வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும். பின்னால் மாட்டுகிற வகைக்கு அந்த வசதி இல்லை. கடைகளில் தொங்கும் மலிவான கிளிப் லென்ஸையும் இதையும் ஒன்றாக நினைக்கவேண்டாம்.

கேள்வி: கன்வெர்ட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! (மிஷன் வீதி)

இருக்கிறது. கேனான் 2013-இல் வெளியிட்ட 200-400 எஃப்/4 லென்ஸில் ஒரு நெம்புகோலைத் தட்டினால் 1.4 உள்ளே வந்து உட்காரும், 560 எஃப்/5.6 தயார். அந்த லென்ஸுக்காகவே கணக்கிட்ட கண்ணாடி என்பதால் தரமும் அதிகம் குறைவதில்லை. விலை பல லட்சம். வாடகைக்கு எடுத்து ஒரு வாரக் கடைசியைக் கழுவெளியில் கழியுங்கள். மரக்காணம் பக்கம் பூநாரைகள் தண்ணீருக்கு நடுவே நிற்கும், நடக்க வழியே இல்லாத தூரத்தில்.

கேள்வி: அத்தை மகன் பாரிஸிலிருந்து பொங்கலுக்கு வருகிறார். கன்வெர்ட்டர் வாங்கிவரச் சொல்லவா? (வம்பாகீரப்பாளையம்)

சொல்லுங்கள், ஆனால் “ஒரு 1.4 வாங்கி வா” என்று போனில் சொல்லாதீர்கள். கேனான் என்றால் ஈஎஃப்-ஆ ஆர்எஃப்-ஆ, நிக்கான் என்றால் எஃப்-ஆ இசட்-ஆ, எத்தனையாவது பதிப்பு, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை இருக்கின்றன. உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று இங்கே உள்ள சேவை மையத்தில் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கிளம்பும் முன், கடையிலேயே கன்வெர்ட்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே தூசியோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்க மூடியும் உறையும் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். பின்பக்க மூடி தொலைந்தால் நம் ஊரில் தேடி அலையவேண்டியிருக்கும்.